வீட்டுக்கு ஒரு முழம்

தம்பி,

உன் அம்மாதான் எழுதுகிறேன். போனில் சொல்லி முடிகிற சங்கதி என்றால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். முந்தாநாள் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோனதே, லைன் கோளாறு என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். கோபம் வந்தால் என் வாயில் நல்ல வார்த்தை தங்காது என்பது உனக்குத் தெரியும். கல்யாண மாப்பிள்ளையை வைய வேண்டாமே என்றுதான் வைத்தேன். "அம்மா, தஞ்சாவூர் மண்டபம் சின்னதும்மா. வரிசைக்கு எத்தனை நாற்காலி, மொத்தம் எத்தனை வரிசை, எல்லாம் பெருக்கிப் பார்த்துட்டேன். கயல் பக்கத்து ஆளுங்களே நெறைய. நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் வந்தா போதும்னு பக்குவமா சொல்லிடு" என்றாய். பக்குவமாகவாம்! போன் வைத்திருக்கிற மளிகைக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்கக்கூட பயந்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "என் புள்ள இன்ஜினீயர்டி, பெருக்கத்தானே செய்வான்" என்று சிரிக்கிறார். அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

சரி, பெருக்கலைப் பற்றியே பேசுவோம். அது எனக்குப் பிடித்த சங்கதி, உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, வாய்ப்பாடு நிற்கவில்லை. நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் வாய்க்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் பால்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் வேலை பார்த்தபோது அதுவே எனக்குச் சோறு போட்டது. தலைக்கு இவ்வளவு அரிசி, இத்தனை தலை என்று தினமும் காலையில் பெருக்கிவிட்டுத்தான் உலையே வைப்பேன். உன் வாய்ப்பாட்டை மட்டும் என்னால் லேசில் திருத்த முடியவில்லை. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கித்தான் இரண்டு, மூன்று என்று போவார்கள். நீ களத்திலேயே புரண்டு வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏழாம் வாய்ப்பாடு கேட்டபோது எழுந்து நின்று, "லாப ஏழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று முழங்கினாயாம். வாத்தியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ வீட்டுக்கு வந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. அளக்கிறவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள், வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை என்றாய்.

அப்புறம் ஒருநாள், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று படித்த பிறகு எட்டேழு என்று ஒன்று தனியாக எதற்கு, இரண்டையும் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அழுதாய். நியாயமான அழுகைதான். உன்னைக் கூட்டிக்கொண்டுபோய், கயிறு பிடித்து வரிசை நடவு நட்டிருந்த வயலின் மூலையில் நிறுத்தினேன். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு குத்து நாற்று என்று ஒரு துண்டைக் கோலால் காட்டி எண்ணச் சொன்னேன். எண்ணினாய். அடுத்த வரப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து பார்த்தால் அதே துண்டு எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு குத்து. "நாத்து நட்ட எடத்துலயேதான் இருக்கு. நீதான் எடம் மாறின" என்றேன். உனக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு வரப்பையும் சுற்றிச் சுற்றி ஓடி ஓடி எண்ணினாய். கடைசியில் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தும் எண்ணிவிட்டு, "ஆமாம்மா, இங்கேருந்தும் அதேதான்" என்று பல் தெரிய எழுந்தாய். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் நீ வேலைக்குப் போனபோதுகூட வரவில்லை. பிறகு பின்னம் வந்தது. அரையால் பெருக்கினால் குறைகிறதே, பெருக்கினால் கூடத்தானே வேண்டும், இது மோசடி என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தாய். அந்த அரையைப் பற்றி உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம், உனக்கு வயது போதாது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் கோட்டையில் ஆட்சிக்கு வந்த புதிது. எங்கள் தெருவில் எல்லாக் கூரையிலும் சிவப்புக் கொடி. நன்னிலம் சுற்று வட்டாரத்தில் அறுவடை வந்தால் கூடவே சண்டையும் வந்துவிடும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டோம். "அரைப்படிக்கா இவ்வளவு கூத்து?" என்று பண்ணையார் களத்தில் நின்று கேட்டார். ஆனால் தர மாட்டேன் என்றும் சொன்னார். அரைப்படியை எத்தனை கையால், எத்தனை நாளால் பெருக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கும் தெரியும், அதனால்தான் விடவில்லை. அரிவாளைக் கீழே வைத்தோம். அவர் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆள் இறக்கினார். கூடவே போலீசும் வந்தது.

பெண்கள் நாங்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தோம். எனக்கு அப்போது கல்யாண வயது, வாயும் அதற்குமேல். கத்திப் பார்த்தோம், அறுக்கிறவர்கள் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்காலில் கையை விட்டு ஒரு கை சேற்றை அள்ளி வீசினேன். குறி பார்க்கவெல்லாம் இல்லை. அது நேராக ஒருவர் முதுகில் போய் அப்பியது. அவர் நிமிர்ந்து திரும்பி, "அந்தப் பக்கமும் ஒண்ணு போடுங்க, வெயில் தாங்கல" என்றார். வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? குஞ்சம்மாள் அக்காதான் சமாளித்துக்கொண்டு, "ஏந்தம்பி, எங்க வயித்துல அடிக்கவா அவ்ளோ தூரத்துலேருந்து வந்தே?" என்று கேட்டாள். "இங்க தகராறுன்னு எங்களுக்கு யாருமே சொல்லலைங்க. அறுப்புன்னுதான் கூட்டியாந்தாங்க" என்றவர், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பேறிவிட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். மிச்சம் பேர் அறுத்தார்கள். சாயங்காலம் லாரி அவரை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. என் சேறு முதுகில் காய்ந்துபோய், எங்கள் தெரு முனையில் வந்து நின்றார். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு, "சேறு சின்ன உருண்டைதான்னு எழுது, பெருசா எழுதாத" என்கிறாரே, அவர்தான்.

ஆனால் அந்த அறுவடையில் எல்லோரும் சிரிக்கவில்லை. மாரிமுத்து பெரியப்பாவை அன்றைக்குத்தான் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். பொங்கல் கழிந்துதான் விட்டார்கள். அவர் வீட்டில் அந்த வருஷம் பானை ஏறவில்லை. வெளியூர் ஆள் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் முகம் கறுத்துவிடும். அந்த வெளியூர் ஆள்களில் ஒருவரைத்தான் நான் அடுத்த வருஷம் கட்டிக்கொண்டேன். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டோம். அந்த மாதிரிக் கல்யாணமும் செல்லும் என்று அரசு சொல்லியிருந்த சமயம். செங்கொடிச் சங்கத்துத் தலைவர் ஒருவர் வந்து வாழ்த்திப் பேசினார். உலக நிலவரம் முழுவதையும் பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிற்று. தெருவே வந்து நின்றது, மாரிமுத்து பெரியப்பா மட்டும் வரவில்லை. எனக்கு அது உறுத்தியது. வேறு போக்கில்லாமல் நாங்கள் என் அம்மா வீட்டிலேயே ஒண்டிக்கொண்டோம். ஒரே அறை. அதில் அம்மா, என் தம்பிகள், நாங்கள் இரண்டு பேர், மழை வந்தால் ஒரு ஆடு. நீ வயிற்றில் தங்கினாய். உன்னைத் தொட்டில் கட்டிப் போட அந்தக் கூரையில் ஒரு மூங்கில்கூடக் காலியாக இல்லை. இந்தப் பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பேன் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் குடியிருக்கிற மனை குடியிருக்கிறவர்களுக்கே என்று சட்டம் வந்தது. அதுவரை கூலி கூடக் கேட்டால், "என் மனையைக் காலி பண்ணு" என்பதுதான் பண்ணையாரின் பதிலாக இருந்தது. எங்கள் பழைய தெரு அவர் களத்தை ஒட்டி இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. பேச்சுவார்த்தையில், வாய்க்கால் ஓரத்துத் திடலை மொத்தமாக எழுதித் தருகிறேன், எல்லோரும் அங்கே போய்விடுங்கள் என்றார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் அடுப்பு மூட்டியவர்கள் நாங்கள், மேட்டுத் திடல் கசக்குமா? தெருவில் இருபது வீடு. வீட்டுக்கு இருபது முழம் அகலத்தில் ஒரு மனை என்று பேசி முடித்தார்கள். கணக்குப்பிள்ளை வந்து திடலின் நாலு பக்கத்தையும் அளந்தார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினார், வந்த இரண்டையும் பெருக்கினார். நம் பக்கத்தில் வயல்களைக் காலங்காலமாக அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருக்கி முடித்துவிட்டு, "இருபது மனை போக இன்னொரு மனைக்கு எடம் மிஞ்சுதே" என்றார். குஞ்சம்மாள் அக்கா உடனே, "மிஞ்சறத இந்தப் புள்ளைக்குக் குடுங்க. வாயும் வயிறுமா இருக்கா" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். மாரிமுத்து பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பண்ணையார் முன்னால் தெரு இரண்டாகப் பேசக்கூடாது என்பதால் வாய் திறக்கவில்லை. இருபத்தொன்றாவது மனை எங்களுக்கு என்று முடிவாயிற்று. அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு இரண்டு ஆள் சாப்பாடு.

மனைக்கு மனை எல்லை முளை அடிக்கிற நாள் வந்தது. இருபது முழத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, திடலின் முதல் முனையிலிருந்து மனை மனையாகப் போட்டுக்கொண்டே போனார்கள். திடல் வாய்க்காலோடு சேர்ந்து கொஞ்சம் சாய்ந்து கிடக்கும், நீ ஓடி விளையாடிய இடம்தானே. வீடுகள் சதுரமாக, நேராக நிற்க வேண்டும். அதனால் தொடக்கத்தில் ஒரு முக்கோணத் துண்டு எதற்கும் ஆகாமல் நின்றுவிட்டது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று போனார்கள். இருபதாவது மனையின் முளை கரையின் உதட்டில் இறங்கியது. எங்கள் மனைக்கு முளை அடிக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வாத்துகள் ஏற்கெனவே குடியேறியிருந்தன.

எங்கே தப்பு என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது உன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. உன் அப்பாவின் கட்டிலைப் பார். மூட்டு தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நாலு சட்டத்தின் நீளமும் மாறுவதில்லை, ஆனால் படுக்கிற இடம் குறைந்துவிடுகிறது. பக்கங்களை மட்டும் வைத்துப் பெருக்கினால் சாய்வு கணக்கில் வராது. சாய்ந்த நிலத்துக்கு அந்தப் பெருக்கல் எப்போதும் கூடத்தான் காட்டும். எங்கள் மனை கணக்குப்பிள்ளையின் பெருக்கலில் மட்டும்தான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தச் சுரைக்காயில்தான் நான் குடியேறப் பார்த்தேன்.

தெரு மொத்தமும் கரையில் நின்று வாத்துகளைப் பார்த்தது. மாரிமுத்து பெரியப்பாதான் முதலில் பேசினார். "கணக்குல இருந்த மனை கணக்குலயே இருக்கட்டும். தரையில இல்லாததுக்கு நாம என்ன பண்றது? வெளியூர்க்காரருக்கு வெளியூர்ல எடம் இருக்கும்."  அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பட்டது அப்படி. உன் அப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, "பரவால்லைங்க, நாங்க ஒண்டிக்குறோம். நீங்க முளைய அடிங்க" என்றார். அவர் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றைக்கு மட்டும்தான். அழுதால் தெரிந்துவிடுமே என்று ஒரு கல்லை எடுத்து வாத்தின் மேல் எறிந்தேன். வாத்துக்குக்கூட அது படவில்லை.

அப்போது குஞ்சம்மாள் அக்கா குனிந்து தன் மனையின் முளையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு சாண் கொறஞ்சா செத்தா போயிடுவேன்? ஆளாளுக்கு ஒரு சாண் நகருங்க" என்றாள். "சாணால என்னக்கா ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இருபது சாண் பத்து முழம்தான்க்கா. பாதி மனைதான் வரும்" என்று எனக்கு எதிராக நானே கணக்குச் சொன்னேன். "அப்ப தலைய மனையில வச்சுட்டுக் கால வாய்க்கால்ல போட்டுப் படுத்துக்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குஞ்சம்மாள் அக்கா, "அப்ப ஆளுக்கு ஒரு முழம்னா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  "இருபது முழம். ஒரு மனை" என்றேன். ஒரு வீட்டுக்கு இருபது முழம் என்பதும் இருபது வீட்டுக்கு ஒரு முழம் என்பதும் ஒன்றுதான் என்று வாய்ப்பாட்டில் எத்தனை தடவை படித்திருப்பேன்! அன்றைக்குத்தான் அது தரையில் எழுந்து நின்றது.

உடனே அடுத்த சண்டை, யாருடைய முழம் என்று. பூக்காரி முழத்துக்கும் ஆம்பிளை முழத்துக்கும் வித்தியாசம் இல்லையா? "அவங்கவங்க கைதான், அவங்கவங்க மனசுதான்" என்று தீர்த்தாள் அக்கா. கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் முன்னால் வந்து, மண்டியிட்டு, முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார்கள். ஒருவர் விரல் நுனி முடிந்த இடத்தில் அடுத்தவர் முழங்கை. களை பறித்துக் காய்த்த கை, மண்வெட்டி பிடித்த கை, மருதாணி வைத்த கை. பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். பத்தொன்பது முழம் வந்து நின்றது. இருபதாவது வீடு மாரிமுத்து பெரியப்பா வீடு. அவர் தள்ளி நின்று வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். குலவை நின்றுபோயிற்று. உன் அப்பா அவரைக் கூப்பிடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பத்தொம்பது பேர் குடுத்து நான் ஒருத்தன் குடுக்கலன்னா, நாளைக்கு அந்த வீட்டுல பொறக்குற புள்ள என்னையத்தானே மொறைச்சுப் பாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டார். தெருவிலேயே நீளமான கை அவருடையது. முறைக்க வேண்டிய அந்தப் பிள்ளை நீதான். நீ அவர் தோளில் ஏறிக்கொண்டு திருவிழா பார்த்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, முறைத்ததாக ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். ஆளுக்கு ஒரு முழம்தான் விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் முதல் வீட்டு முளை ஒரு முழம் நகர்ந்தால் இரண்டாவது வீட்டு முளை இரண்டு முழம் நகர வேண்டும், மூன்றாவது மூன்று. கடைசி வீட்டுக்காரர் தன் முளையைத் தூக்கிக்கொண்டு இருபது முழம் நடந்தார். "ஒரு முழம்னு சொல்லிட்டு என்னைய திருவாரூருக்கே அனுப்புறீங்களே" என்று அவர் புலம்ப, பிள்ளைகள் முளைகளுக்குப் பின்னால் ஊர்வலம் போனார்கள். எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. எல்லோருக்கும் பத்தொன்பது முழம், எங்களுக்கு மட்டும் இருபது! பத்தொன்பது பேர் கொடுத்ததே எங்களுக்குப் போதும். இவ்வளவு கணக்குப் பேசிய நானும் அதைக் கவனிக்கவில்லை. மாரிமுத்து பெரியப்பாவிடம் ஓடிப்போய், உங்கள் முழத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறுபடியும் எல்லா முளையையும் புடுங்கச் சொல்றியா? போ புள்ள. அத வழியா விடு, வாய்க்காலுக்குப் போய்வர ஆகும்" என்றார். நம் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஆள் மட்டும் போகிற சந்து இருக்கிறதே, ஊரெல்லாம் உன் ஜன்னல் பக்கமாகவே குளிக்கப் போகிறார்கள் என்று பரீட்சை நேரத்தில் கத்துவாயே, அந்தச் சந்துதான் அது. கடைசிவரை அவர், "என் முழத்துலதான்டா எல்லாரும் நடக்குறீங்க" என்று பெருமை அடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்.

கணக்குப்பிள்ளை சரியாகப் பெருக்கியிருந்தால் இருபது மனை என்றுதான் சொல்லியிருப்பார், இருபத்தொன்று என்ற பேச்சே வந்திருக்காது, நாங்களும் கேட்டிருக்க மாட்டோம். அந்தத் தப்புக் கணக்குக்கு நான் மனசுக்குள் எத்தனையோ தடவை கும்பிடு போட்டிருக்கிறேன். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். எங்களுக்குக் கல்யாணம் சோறு ஆறியதோடு முடிந்துவிட்டது, வீடும் தெருவே கட்டிக்கொடுத்தது. உன் கல்யாணத்துக்குத்தான் நான் அலைய வேண்டியிருக்கிறது. அம்மா என்கிற முறையில் ஒரு புத்திமதியாவது சொல்லாமல் விட்டால் கயலே என்னை மதிக்க மாட்டாள், அதனால் சொல்கிறேன். குடும்பம் நடத்துவது கூட்டல் என்று நினைத்துக்கொள்ளாதே, அது பெருக்கல். கூட்டலில் ஒருவர் பூஜ்யமாக உட்கார்ந்தாலும் மற்றவருடையது மிஞ்சும். பெருக்கலில் ஒருவர் பூஜ்யம் என்றால் எல்லாம் போச்சு. எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார், ஒரு வாரம் ஆனாலும் பூஜ்யம்தான். அந்த வாரங்களில் நம் வீட்டில் எதுவும் விளங்கியதில்லை. உனக்கு அவர் குணம் கொஞ்சம் இருக்கிறது. பேசாமல் இருப்பதைவிடக் கத்தித் தொலை. கயலும் கத்துகிற ஜாதிதான், பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனை வைத்தேனே தவிர, நீ சொன்னதை நான் தட்டவில்லை. பிள்ளை கஷ்டப்பட்டுப் பெருக்கியிருக்கிறான், மண்டபமும் சின்னதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நேற்று காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் குஞ்சம்மாள் அக்கா வீடு. அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, என் கையைத் தடவிப் பார்த்துத்தான் வெற்றிலையை வாங்கினாள். வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் போதும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சண்டை போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் முகம் மலர்ந்து, "அதுக்கென்ன ஆயி, நான் வரல. எனக்குக் கண்ணா தெரியுது? மருமவ போகட்டும். எடம் பத்தலன்னா அவளும் ஒரு ஓரமா நின்னுக்குவா" என்றாள். உனக்காக முளையைப் பிடுங்கின கை தம்பி அது, இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நான் அவள் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். என்னவென்று தெரியாமல் அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டாவது வீட்டுக்கு நான் போகவில்லை. நேராகக் கடைக்குப் போய்க் கயலுக்குப் போன் போட்டேன். இவ்வளவு கதையையும் அவளிடம்தான் முதலில் சொன்னேன், சேற்று உருண்டை உட்பட. நடுவில் சத்தத்தையே காணோம். லைன் நிஜமாகவே போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை, மண்டபத்துல சாயங்காலம் வரவேற்ப வச்சுக்கலாம். கல்யாணம் உங்க திடல்லதான். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். பேசிவிட்டாள். உன் மாமனார் சாயங்காலமே கடைக்குப் போன் போட்டு, "சம்பந்தியம்மா, பொண்ணு கத்துறதப் பார்த்தா எனக்கு வேற வழி இல்ல. எங்க ஆளுங்க எல்லாரும் அங்கேயே வந்துடுறோம், எடம் பத்துமா?" என்று கேட்டார். வந்தால் போதும் என்றேன்.

அப்புறம்தான் தாம்பாளத்தை மறுபடி எடுத்தேன். இருபது வீட்டிலும் ஏறி இறங்கி, பிறந்த குழந்தை முதல் படுத்திருக்கிறவர்கள் வரை அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டேன். நான் இதை எழுதி முடிப்பதற்குள் உன் அப்பாவும் கட்டிலை விட்டு எழுந்து பந்தலுக்கு மூங்கில் பார்க்கப் போய்விட்டார். எல்லோருக்கும் சொல்லியாயிற்று, மாப்பிள்ளைக்கு மட்டும்தான் பாக்கி, அதற்குத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் சேர்ந்தால் எத்தனை தலை, இலை எத்தனை வரிசை என்று நீ அங்கே உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நாலு நாள் முன்னதாகவே வந்து சேர். இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, நகர்ந்து உட்கார எங்கள் தெருவுக்குத் தெரியும்.

உன் அம்மா